மத்தியானக் கோடு

சச்சிதானந்தன் கீறிய கோட்டை அழிக்கச் சொல்லித் தலைமைச் சமையல்காரரிடமிருந்து மூன்று தரம் உத்தரவு வந்துவிட்டது. மூன்று தரமும் அவன் "ஓம் ஷெஃப்" என்று தலையாட்டினான். மூன்று தரமும் அழிக்கவில்லை. யாழ்ப்பாணத்தானுக்குத் தலையாட்டவும் தெரியும், தான் நினைத்ததைச் செய்யவும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அப்படியொன்றும் பெரிய கோடில்லை. சுவிஸில் ஊஸ்டரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் அவன் வேலை செய்கிற ஒரு கிராமத்துச் சாப்பாட்டு விடுதி. அதன் பின்முற்றத்துச் சீமெந்துத் தரையில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், ஆணியால் கீறி மேலே சோக் தேய்த்த இரண்டு முழக் கோடு. அதன் தெற்கு முனையில் வெயில் குடை நாட்டுகிற கொங்கிறீற் கட்டை. குடைக்குப் பதிலாக அதில் ஒரு துடைப்பத் தடி நிமிர்ந்து நின்றது. அவ்வளவுதான் விசயம்.

கோட்டுக்குக் காரணம் குகதாசன். ஊஸ்டரில் சச்சிதானந்தனோடு ஒரே அறையில் இருந்தவன். 1986 சித்திரையில், ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவனுக்குப் புது வேலை தொடங்க இருந்தது. அவன் ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தான். திங்கள், ராகுகாலம் ஏழரை தொடக்கம் ஒன்பது. ராகுவிலே போய்ப் புது வேலை தொடங்குவதா, சிவசிவா! ஒன்பதேகாலுக்குத் திருநீறும் பூசிக்கொண்டு போய் நின்றான். பத்து மணிக்கு வேலையில்லாமல் திரும்பி வந்தான்.

"உனக்கென்ன விசரோ?" என்று சச்சிதானந்தன் பாய்ந்தான். "அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு எழுதின ராகு. இஞ்சை சூரியன் எழும்பினதே ஆறேமுக்காலுக்கு. எட்டரை வரைக்கும் ராகு உன்ரை பக்கம் தலைவைச்சும் படுத்திராது!"

"மணிக்கூடு மணிக்கூடுதானே அண்ணை. பன்ரண்டு அடிச்சால் உச்சி. உலகம் முழுக்க அப்பிடித்தானே?"

"அப்பிடியில்லையடாப்பா. காட்டிறன் பார்."

விட்டேனா பார் என்று அன்றைக்கே இறங்கினான். தடியை நாட்டி, நூலில் கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டு நிமிர்வு பார்த்து, தடியைச் சுற்றி வட்டம் போட்டான். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. பின்னேரம் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் சரிநடுவால் தடிக்கு ஒரு கோடு. கோயிலுக்கு அத்திவாரம் போடமுன்னம் சங்கு என்கிற முளையை நாட்டி நிழலால் திசை பார்க்கிறார்களே, அதே வேலை. நிழல் கோட்டில் விழுந்தால் அந்த இடத்துக்கு மத்தியானம். ஏழு கிழமை பார்த்தான். ஒரு நாளும் சுவரில் மணிக்கூடு பன்னிரண்டு காட்டும்போது நிழல் கோட்டுக்குக் கிட்ட வந்ததில்லை. ஒன்று இருபது, ஒன்று இருபத்தைந்து என்றுதான் வந்தது.

குகதாசன் பார்க்க வரவேயில்லை. "குப்பைத் தொட்டி பாக்க நான் பஸ் ஏறி வரவோ?" என்றுவிட்டான்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் சச்சிதானந்தனுக்குக் கோடு வேறு ஒன்று. பதினொரு வருசம் யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவன். தியோடலைற் என்கிற அளவைக் கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு வடமராட்சி வெயிலில் அலைந்தவன். அவன் கல் போட்ட எல்லையை எந்தக் கோர்ட்டும் கச்சேரியும் மாற்றியதில்லை. இங்கே என்ன? விண்ணப்பப் படிவத்தில் "பயிற்சியில்லாத தொழிலாளி" என்று ஒரு பெண்பிள்ளை தட்டச்சடித்துக் கொடுத்தாள். தலைமைச் சமையல்காரர் றூடிக்கு அவனுடைய பெயர் வாயில் நுழையாமல் "சாஷா" ஆக்கிவிட்டார். நாள் முழுக்கக் கோப்பை கழுவிக் கை தண்ணீருக்குள். அந்தக் கோடு ஒன்றுதான் இந்த நாட்டில் அவன் தன் கையால் போட்ட அளவு. அதைப் போய் அழிக்கிறதாவது!

விடுதியின் எசமானி சோம்ஸ்ரீ, தாய்லாந்துக்காரி. கணவன் வால்டர் சுவிஸ்காரன், நல்ல மனுசன். சச்சிதானந்தன் அவளை "அக்கா" என்றே கூப்பிடுவான். அதன் அர்த்தம் கேட்டு அறிந்தபிறகு அவளும் வேறு பெயருக்குத் திரும்பமாட்டாள். மாசி கடைசியில் அவளுடைய தாய் ஊரில் செத்துப்போனாள். சோம்ஸ்ரீ எட்டு மாத வயிற்றோடு இருந்தாள். அந்த நிலையில் விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தாயின் முகம் பார்க்கவில்லை, கொள்ளிக்கு நிற்கவில்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று அழுவாள். அழுவதற்கு அந்த விடுதியில் அவளுக்கு வேறு மறைவான இடம் இல்லை.

நூறாவது நாளுக்கு ஒரு வழி கிடைத்தது. அவளுடைய ஊர் விகாரைப் பெரிய பிக்கு, எல்லாரும் "லுவாங் போ" என்று தகப்பனைப் போலக் கூப்பிடுகிறவர், ஜெனீவாவில் இருக்கிற தாய்லாந்துக்காரர் அழைத்ததால் அங்கே வந்திருந்தார். எழுபத்தாறு வயது. நாட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல்தரம். அந்தத் தாயின் கையால் முப்பது வருசம் சோறு வாங்கிச் சாப்பிட்டவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதிக்கு வந்து தானம் வாங்கி, தாய்க்குப் புண்ணியம் சேர்த்துவிட்டு, அடுத்த நாள் விமானம் ஏறுகிறார். அந்த ஒரு ஞாயிறுதான். தவறினால் தவறினதுதான்.

சோம்ஸ்ரீ மூன்று நாள் சமைத்தாள். தாய் சமைத்த மாதிரியே மீன் குழம்பு, தாய் இடித்த மாதிரியே மிளகாய்ச் சம்பல். "பன்னிரண்டுக்கு முன்னம் அவர் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்" என்று ஆயிரம் தரம் சொன்னாள்.

சச்சிதானந்தனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு காவிச் சீலையைக் கண்டால் அவன் ஒருதரம் தள்ளித்தான் நிற்பான். அதை அவன் ஒளிக்கவில்லை. ஆனால் பாங்கொக்கில் ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டோடு மறைந்துபோக, ஐந்து மாதம் ஒரு வாய்க்காற்கரை விகாரையில் அவனைப் படுக்கவிட்டதும் அதே காவிதான். பிக்குகள் சாப்பிட்ட மீதியைச் சாப்பிடுவதா என்று முதல் இரண்டு நாள் வீம்பு பிடித்தான். மூன்றாம் நாள் வீம்பைப் பசி தின்றுவிட்டது. அவனுக்கு இங்கிலீசு வருமென்று கண்டு, கமெராவோடு வருகிற வெள்ளைக்காரருக்கு ஒழுங்கு சொல்ல அவனை வாசலில் நிறுத்தினார்கள். பெண்கள் பிக்குவின் கையில் கொடுக்கக்கூடாது, அவர் விரிக்கிற துணியில் வையுங்கள். கையால் ஏந்திக் கொடுக்காததை அவர் தொடமாட்டார். மத்தியானம் தாண்டினால் நாளைக் காலைவரை தண்ணீர்தான். தானே ஒரு பரதேசி, மற்றப் பரதேசிகளுக்கு வழிகாட்டி! அந்தச் சோற்றை அவன் மறந்தவனில்லை.

ஞாயிறு வந்தது. ஆனி பிறந்த நாள், நல்ல வெயில். வால்டர் சூரிச் ஸ்டேசனில் பத்தேகாலுக்கே பிக்குகளைக் காரில் ஏற்றிவிட்டான். வழியில் ஒரு சைக்கிள் பந்தயம். தெருவை மறித்துவிட்டார்கள். முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் திரும்ப முடியாது. நூறு சைக்கிள்காரர் வளைந்து நெளிந்து போய் முடிந்து, கார் விடுதி வாசலில் நின்றபோது சுவர் மணிக்கூடு பன்னிரண்டு பத்து.

மண்டபத்தில் நாற்பது பேர். தாய்லாந்துப் பெண்கள், அவர்களுடைய சுவிஸ் புருசன்மார், பிள்ளைகள். லுவாங் போ மெல்ல வந்து அமர்ந்தார். மெலிந்த மனிதர், மொட்டைத் தலை, சிரிக்கிற கண். பக்கத்தில் அவருடைய மொழிபெயர்ப்பாளர், உயர்ந்து வளர்ந்த ஒரு நெடுவல் வெள்ளைக்காரப் பிக்கு. சுவிஸ்காரர்தான். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம் கமெராவும் தோளுமாக லுவாங் போவின் விகாரையைப் படம் எடுக்கப் போனவர், எடுத்து முடியவில்லை, அங்கேயே காவிச் சீவரம் போர்த்துக்கொண்டார். லுவாங் போ மணிக்கூட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

"வருந்த வேண்டாம் என்கிறார்" என்று நெடுவல் பிக்கு மண்டபத்துக்குச் சொன்னார். "பசி பெரிய காரியமில்லை. ஓதி, ஆசீர்வதித்துவிட்டுப் போகிறோம்."

சோம்ஸ்ரீ தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள். அழவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. செத்தவருக்குக் கிரியை செய்கிற அந்தியேட்டி வீட்டில் படைத்த இலையை ஒருவரும் தொடாமல் எழும்பிப் போனால் பெற்ற பிள்ளை எப்படி நிற்கும்? அப்படி நின்றாள்.

சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடியால் சச்சிதானந்தன் இதைப் பார்த்தான். திரும்பிப் பின்முற்றத்தைப் பார்த்தான். தடியின் நிழல் கோட்டுக்கு மேற்கே ஒரு சாணுக்கும் அதிகமாக விலகிக் கிடந்தது. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தான்.

"சாஷா! எங்கே?" என்று றூடி அதட்டினார். கழுவுகிறவன் மண்டபத்தில் கால்வைக்கக் கூடாது. அது அந்த விடுதியின் முதலாவது சட்டம். வேலை போனாலும் போகும்.

போனால் போகட்டும். கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

லுவாங் போவுக்கு முன்னால் முழங்காலிட்டு, பாங்கொக்கில் பழகினபடி மூன்று தரம் விழுந்து கும்பிட்டான். தாய்லாந்துப் பெண்கள் வாய் பிளந்தார்கள். பிறகு நெடுவல் பிக்குவிடம், பதினொரு வருசம் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதின இங்கிலீசில் சொன்னான்: "சாமி, இஞ்சை மத்தியானம் இன்னும் வரேல்லை."

நாற்பது தலையும் சுவர் மணிக்கூட்டுக்குத் திரும்பின. யாரோ சிரித்தார்கள்.

"அது அரசாங்கம் வைச்ச மத்தியானம்" என்றான். "கோடைக்கெண்டு ஒரு மணித்தியாலத்தை முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கு. அதுபோக, இந்த நாட்டு நேரம் கணிக்கிற இடத்துக்கு நாங்கள் ஆறேகால் பாகை மேற்கை நிக்கிறம். பாகைக்கு நாலு நிமிசம், இருபத்தைஞ்சு நிமிசம். சூரியன் உச்சிக்கு வாறது ஒண்டு இருபத்தைஞ்சுக்கு."

நெடுவல் பிக்கு மொழிபெயர்த்தார். லுவாங் போ கேட்டுவிட்டுச் சிரித்தார். "மகனே, எழுபத்தாறு வயதில் வயிற்றுக்காக நான் மணிக்கூட்டோடு வழக்காடமாட்டேன். கணக்கு யாரும் எப்படியும் போடலாம். சாட்சி இருக்கிறதா?"

"இருக்கு சாமி. பின்முற்றத்திலை."

அவ்வளவுதான், கிழவர் எழும்பிவிட்டார்! லுவாங் போ முன்னால், நெடுவல் பிக்கு பின்னால், கைக்குழந்தையோடு வால்டர், தட்டைக் கீழே வைக்க மறந்த சோம்ஸ்ரீ, நாற்பது விருந்தாளிகள் எல்லாரும் எண்ணெய்ச் சட்டிகளையும் கழுவாத கோப்பைகளையும் தாண்டிக் குப்பைத் தொட்டியடிக்குப் போனார்கள். றூடி தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்று தரம் அழிக்கச் சொன்ன கோட்டைப் பார்க்க ஊர்வலம் போகிறது. யாரிடம் போய் முறையிடுவார்?

லுவாங் போ கோட்டடியில் குந்தினார். தடியைப் பார்த்தார். நிமிர்வு சரியா என்று கண்ணால் கேட்டார். சச்சிதானந்தன் பையிலிருந்து நூலையும் கரண்டியையும் எடுத்துத் தொங்கவிட்டுக் காட்டினான். தடி கம்பி மாதிரி நின்றது. கிழவர் கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கீழே கிடந்த ஒரு சிறிய கல்லைப் பொறுக்கி, நிழலின் நுனியில் சரியாக வைத்தார். அங்கேயே இருந்தார்.

"நான் பிள்ளையாக இருந்தபோது விகாரையில் மணிக்கூடு கிடையாது" என்றார். "என் குரு கொடிக்கம்பத்து நிழலில் இப்படித்தான் கல் வைப்பார். நிழல் வளர்ந்தால் மத்தியானம் போய்விட்டது. சுருங்கினால் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த மணிக்கூடுகள் என்னைச் சோம்பேறியாக்கிவிட்டன."

எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம். அடக் கடவுளே! இந்த நாட்டு மேகத்துக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. வந்தால் மூன்று நாள் நிற்கும். நிழல் கரைந்து சீமெந்து ஒரே சாம்பலாகிவிட்டது. சோம்ஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள். சச்சிதானந்தன் நல்லூர்க் கந்தனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தான், இரண்டாக்கினான், பிறகு ஐந்தாக்கினான். ஏழு கிழமை பார்த்த கணக்கு பிழைக்காதென்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நேர்ந்தான்.

மேகம் விலகியது. நிழல் மறுபடி விழுந்தது. கல்லுக்கும் நுனிக்கும் இடையில், தடிப்பக்கமாக, ஒரு விரற்கடை வெளிச்சம்.

சுருங்கியிருந்தது.

லுவாங் போ அந்த இடைவெளியில் தன் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, வாயில் இருந்த நாலு பல்லும் தெரியச் சிரித்தார். "சோறு எங்கே?" என்று கேட்டார். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அப்போது பன்னிரண்டு நாற்பது. முக்கால் மணித்தியாலம் கையில் இருந்தது. மண்டபத்தில் லுவாங் போ துணியை விரித்துப் பிடிக்க, சோம்ஸ்ரீ அதன் நுனியில் ஒவ்வொரு பாத்திரமாக வைத்தாள். மீன் குழம்பை வைக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தது நல்லது.

சச்சிதானந்தன் தடியடியை விட்டு அசையவில்லை. "நிழல் கோட்டைத் தொடுகிறதை நீதான் சொல்ல வேண்டும். நீ சொன்னால் நிறுத்திவிடுவேன்" என்று கிழவர் அவனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டிருந்தார். ஆனால் முற்றத்திலிருந்து மண்டபம் தெரியாது. இடையில் சமையலறை. நடுவில் ஒரு ஆள் நின்று கைகாட்ட வேண்டும். அவன் அங்குமிங்கும் பார்த்தான். றூடிதான் நின்றார்.

"ஷெஃப், கதவடியிலை நில்லுங்கோ" என்றான், தனக்குத் தெரிந்த ஜேர்மனில். "நான் கையைத் தூக்கினவுடனை நீங்களும் தூக்குங்கோ. கதைக்கப்படாது."

யாழ்ப்பாணத்தில் அவனுக்குக் கீழே நாலு சங்கிலிக்காரர் இருந்தார்கள். கொடி பிடிக்க, கைகாட்ட, சங்கிலி இழுக்க. இங்கே ஒருவர். வெள்ளை நெடுந்தொப்பியோடு. அவர் ஒன்றும் பேசாமல் போய்க் கதவடியில் நின்றார், பாருங்கள்! நின்றது மாத்திரமில்லை, நல்ல சங்கிலிக்காரனைப் போலக் கண்வெட்டாமல் நின்றார்.

ஒன்று பத்து. ஒன்று இருபது. நிழல் நாலு விரல், இரண்டு விரல், ஒரு விரல் என்று வந்தது. அவன் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நிழலின் நடு கோட்டின் நடுவில் உட்கார்ந்த அந்தக் கணத்தில் வலக்கையைத் தூக்கினான். இரண்டு வருசமாகத் தண்ணீருக்குள் குனிந்து கிடந்த கை. றூடியின் கை எழும்பியது. மண்டபத்தில் வாய்க்குக் கிட்டப் போன கவளத்தை லுவாங் போ அப்படியே பாத்திரத்துக்குள் திருப்பி வைத்தார். நாற்பது பேரும் ஒரு தாய்லாந்துப் பெரியவரும் ஒரு கோப்பை கழுவுகிறவனின் கைக்கு அடங்கி இருந்தார்கள். சச்சிதானந்தனின் நெஞ்சு விம்மியது. ஏன் விம்மக்கூடாது?

பிறகு ஓதினார்கள். சோம்ஸ்ரீ சிறு குடத்திலிருந்து கிண்ணத்துக்குள் தண்ணீரைத் துளித்துளியாக வார்த்துத் தாயின் பெயருக்குப் புண்ணியத்தைச் சேர்த்தாள். முடிந்ததும் லுவாங் போ அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினாள்.

நெடுவல் பிக்கு எல்லாருக்கும் சொன்னார்: "உன் அம்மா ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வயலில் இருந்து குழம்புச் சட்டியோடு ஓடி வருவாள். அவளுக்காக நான் நிழலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பேன். இன்றைக்கும் பிந்தித்தான் வந்தாள், இன்றைக்கும் காத்திருந்தேன்."

வாசலில் காரில் ஏறமுன்னம் கிழவர் சச்சிதானந்தனைக் கூப்பிட்டார். "இங்கே இவருக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"கோப்பை கழுவுகிறவன்" என்று றூடி முந்திக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அதுதான்.

"கோப்பை கழுவுறன்" என்றான் சச்சிதானந்தன். "ஆனால் நான் நில அளவையாளன்." ஜேர்மனில் ஒருதரம் சொன்னான். பிறகு இங்கிலீசிலும் சொன்னான். இரண்டு வருசத்தில் அந்தச் சொல்லை அவன் உரத்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

லுவாங் போ தலையசைத்தார். "அது கோட்டைப் பார்க்கவே தெரிந்தது" என்றார்.

ஆறு மணிபோல அறைக்கு வந்தால், குகதாசன் சப்பாத்தும் மாட்டிக் கதவடியில் இருந்தான். கடைக்குப் போக வேண்டுமாம், நாலரையிலிருந்து ராகு முடியட்டுமென்று பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

"எழும்பு, போ" என்றான் சச்சிதானந்தன். "இஞ்சத்தை ராகு ஏழரைக்குத்தான் துடங்குது. நம்பாட்டி ஒரு பெரிய பிக்குவைக் கேள், ஜெனீவாவிலை நிக்கிறார்."

திங்கட்கிழமை காலை அவன் வேலைக்குப் போனபோது குப்பைத் தொட்டிகள் இடம் மாறி, தங்கள் நிழல் கோட்டில் விழாத தூரத்தில் நின்றன. றூடி ஒரு சிறிய தகரப் பேணியை அவன் கையில் வைத்தார். தெருவுக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்ற், மழைக்கும் பனிக்கும் போகாதது. அவனுடைய பெயரை முழுதாகச் சொல்லத் தொடங்கி இரண்டு இடத்தில் இடறினார், விடாமல் மூன்றாம் தரம் சொல்லி முடித்தார்.

சச்சிதானந்தன் முற்றத்துக்குப் போய் முழங்காலில் இருந்தான். சோக் கோட்டின் மேலே தூரிகையை வைத்து, தெற்கிலிருந்து வடக்குக்கு ஒரே இழுவையில் இழுத்தான்.